மாட்டுக்கு குளம்பிடையில் புண்: குப்பைமேனி எண்ணெய் மட்டும் போதுமா?

வடவாற்றங்கரை
எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடிப் பக்கம், ஆற்றங்கரை ஓரமாக வீடு. கறவை மூன்று, உம்பளச்சேரி மாடு ஒரு சோடி, இரண்டு மாதக் கன்று ஒன்று. நான்கு நாளாக விடாத மழை, கொட்டில் தரை காயவே இல்லை. முந்தாநாள் காலை பால் கறக்கப் போனபோது நடுவில் கட்டியிருக்கும் கலப்பின மாடு வலது பின்னங்காலை ஊன்றாமல் உதறிக்கொண்டே நின்றது. கல் ஏதாவது குத்தியிருக்கும் என்று கழுவிப் பார்த்தால், இரண்டு குளம்புக்கும் நடுவில் தோல் வெந்தது போல வெளுத்து, ஒரு ஓரம் உரிந்து, உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கிறது.

அம்மா அன்றைக்கே வேலியோரம் போய்க் குப்பைமேனி பறித்து, பூண்டு மஞ்சள் வைத்து இடித்து நல்லெண்ணெயில் காய்ச்சி விட்டார். பாட்டி காலத்திலிருந்து வீட்டில் இதுதான். சித்தப்பா கொஞ்சம் பெட்ரோல் ஊற்று, புழு வைக்காது என்கிறார். இரண்டு நாள் எண்ணெய் போட்டும் நொண்டல் குறையவில்லை, இன்று இடது காலையும் தூக்குகிறது. எண்ணெய் வேலை செய்ய எத்தனை நாள் ஆகும்? ஈரத்தில் அது நிற்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காங்கயம்பட்டி
தம்பி, முதலில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். புழு சாகும், கூடவே புதிதாக வளர்கிற சதையும் வெந்து போகும். எங்கள் ஊரில் ஒரு காளைக்கு அப்படி ஊற்றி, ஆறு மாதம் அந்தக் குளம்பிடை சதை பிடிக்கவே இல்லை, உழவுக்கும் ஆகவில்லை.

எண்ணெய் நல்லதுதான், ஆனால் ஈரக்காலில் தடவினால் ஒட்டாது. நாங்கள் செய்வது இப்படி: வேப்பிலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அதில் கழுவுவோம், பழைய வேட்டித் துணியை இரண்டு குளம்புக்கும் நடுவில் விட்டு மெதுவாக இழுத்துத் துடைப்போம், பத்து நிமிடம் காய விட்டு அப்புறம்தான் எண்ணெய். சும்மா தடவினால் நாலு தப்படியில் சாணியோடு போய்விடும். துணியை எண்ணெயில் நனைத்து இடுக்கில் வைத்துக் கட்ட வேண்டும். தரைக்கு உமியோ காய்ந்த மணலோ கொட்டுங்கள். அந்தக் காலத்தில் கோமாரி (வாயிலும் காலிலும் புண் வைக்கிற தொற்று நோய்) வந்த மாட்டைக் காய்ந்த ஆற்று மணலில் நடத்துவார்கள், கால் காயட்டும் என்று. மழைக்காலத்தில் அதற்கு வழி ஏது.

ஊசிப்பெட்டி
கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணெயைப் பற்றிப் பேசுமுன் எனக்கு நாலு விஷயம் தெரிய வேண்டும். ஒரு கால் இரண்டு காலானது என்கிறீர்கள், முன்னங்கால்களையும் பார்த்தீர்களா? தீனி எடுக்கிறதா? வாயில் கயிறு போல எச்சில் வழிகிறதா, சப்புக் கொட்டுகிற சத்தம் கேட்கிறதா? பால் எவ்வளவு குறைந்தது? இதையெல்லாம் பார்த்துவிட்டு உடனே எழுதுங்கள், நாளைக்கு என்று வைக்க வேண்டாம்.

குளம்பில் வருவதெல்லாம் ஒரே நோய் இல்லை. வைரஸ், பாக்டீரியா, ஆணி, கல், தின்ற தீனி, எல்லாமே மாட்டை ஒரே மாதிரி நொண்ட வைக்கும். இலை எது என்பது அதற்கப்புறம் வருகிற கேள்வி.

வடவாற்றங்கரை
ஐயா, இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன். வாயோரம் நுரை இருக்கிறது. மழைக்கு அசை போடுகிறது என்று நினைத்துவிட்டேன். தம்பி மூக்கைப் பிடித்துக்கொள்ள நான் நாக்கை இழுத்தேன், நாக்கின் மேல்தோல் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கழன்று என் விரலோடு வந்துவிட்டது. கீழே செக்கச் செவேல். முன்னங்கால் இரண்டிலும் குளம்பும் தோலும் சேருகிற இடத்தில் கொப்புளம். காலையில் ஆறு லிட்டர் கறக்கிற மாடு இன்று ஒன்றரை லிட்டர்தான். வைக்கோலை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது.

ஊசிப்பெட்டி
இது கோமாரி மாதிரிதான் தெரிகிறது. காணை என்று உங்கள் வீட்டில் சொல்வார்களே, அதே. டாக்டர் வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும். காலையில் மருந்தகம் திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள். வண்டி வர வேண்டும் என்றால் 1962-க்கு அடிக்கலாம், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது.

இன்றிரவே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. கன்றைத் தாயிடமிருந்து பிரியுங்கள். ஊட்ட விடாதீர்கள். பெரிய மாட்டுக்கு இந்த வைரஸ் வாயையும் காலையும்தான் முதலில் பிடிக்கும், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சின்னக் கன்றுக்கு நேராக இதயத் தசையில் போய் உட்காரும். வாயில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் நின்ற இடத்தில் விழுந்து செத்துப்போகும். வேறு மாட்டுப் பால் கொடுங்கள், காய்ச்சி ஆற்றி.

மற்றது: நோய் மாட்டைத் தனியே கட்டுங்கள், காற்று அடிக்கிற பக்கம் மற்ற மாடு வேண்டாம். கடைசியில் அதைக் கறக்க வேண்டும், கறந்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கடையில் கிடைக்கிற சலவை சோடாவை லிட்டருக்கு 40 கிராம் கரைத்துக் கொட்டில் தரை, தொட்டி, உங்கள் செருப்பு எல்லாவற்றையும் கழுவுங்கள், அந்த வைரஸுக்கு அது ஆகாது. சந்தைக்கு எதையும் ஓட்டாதீர்கள். கோமாரித் தடுப்பூசி போட்டிருந்தீர்களா?

வடவாற்றங்கரை
மற்ற இரண்டு கறவைக்கும் போட்டது. முகாம் வந்தபோது இது எட்டு மாதச் சினை. ஊசி போட்டால் காய்ச்சல் வந்து கலைந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, நான்தான் பின்பக்கத் தோப்பில் கொண்டுபோய்க் கட்டிவிட்டேன். டாக்டர் கேட்டதற்கு இரண்டு கறவைதான் என்று சொன்னேன். கன்றை இப்போதே அத்தை வீட்டுத் திண்ணையில் கட்டிவிட்டு வருகிறேன்.

மண்வாசம்
எதற்கு இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்? ஊசி வருவதற்கு முன்னால் நம் முன்னோர் மாடு வளர்க்கவில்லையா? எங்கள் தாத்தா நூறு மாடு வைத்திருந்தார், கோமாரி வந்தால் நாட்டு வாழைப்பழத்தை நல்லெண்ணெயில் தோய்த்துக் கொடுப்பார், காலுக்கு வேப்பெண்ணெய், கொட்டில் வாசலில் வேப்பிலைத் தோரணம், சாம்பிராணிப் புகை. பதினைந்து நாளில் மாடு எழுந்து நிற்கும். கடையில் விற்கிற மருந்தில் பால் கெடுகிறது, மாடு மலடாகிறது. மூலிகையை முழுசாக நம்புங்கள் தம்பி, பாதி நம்பினால் பாதிதான் குணமாகும்.

பால்சொம்பு
அண்ணா, உங்கள் தாத்தா செய்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். பதினைந்து நாளில் எழுந்து நின்றது எந்த மாடு? பெரிய மாடு. அது இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே தேறக்கூடியதுதான், அந்த நாட்களில் புண் அழுகாமல், புழு வைக்காமல், பட்டினி கிடக்காமல் பார்த்துக்கொண்டது உங்கள் தாத்தாவின் வாழைப்பழமும் வேப்பெண்ணெயும். பெரிய உதவி அது. செத்த கன்றுகளின் கணக்கை யாரும் நமக்குச் சொல்லவில்லை. அவர் காலத்து நாட்டு மாடு இந்த நோயைத் தாங்கிய அளவுக்கு, இருபது லிட்டர் கறக்கிற கலப்பினம் தாங்காது. 2013-இல் காவிரி டெல்டாவில் கோமாரி வந்தபோது என்ன நடந்தது என்று மன்னார்குடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊசிப்பெட்டி
அந்த வருடம் ஐப்பசி கார்த்திகையில் நான் பணியில் இருந்தேன். ஒரு தெருவில் காலையில் பார்த்த மாடு மாலையில் இருக்காது. கடன் வாங்கி வாங்கிய கறவை செத்துக் கிடக்கும்போது அந்த வீட்டுப் பெண்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பியிருக்கிறேன். அதனால்தான் ஊசி என்று சொல்லும்போது குரல் உயர்கிறது, மன்னியுங்கள். 2019-இலிருந்து ஒன்றிய அரசின் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடுகிறார்கள். கன்றுக்கு நாலு மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இன்னொன்று. சினை மாடு என்றால் மறைக்க வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் பார்த்து முடிவு செய்வார்.

மூலிகைக்கு நான் எதிரி இல்லை. தஞ்சாவூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை மருத்துவ மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி விவசாயிகளிடம் இருந்த இந்த வைத்தியங்களையெல்லாம் திரட்டி, அளவு நிர்ணயித்துக் கொடுத்தார். தேசிய பால்வள வாரியமே அந்தச் செய்முறைகளை இன்று மற்ற மாநிலங்களுக்கும் கொண்டு போகிறது. உங்கள் அம்மா காய்ச்சியதும் ஏறக்குறைய அதுதான். அளவைச் சொல்கிறேன்.

காலுக்கு: குப்பைமேனி ஒரு கைப்பிடி, வேப்பிலை ஒரு கைப்பிடி, துளசி ஒரு கைப்பிடி, மருதாணி இலை ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம். எல்லாவற்றையும் அரைத்து 250 மில்லி நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ கொதிக்க வைத்து ஆற விட வேண்டும். கழுவித் துடைத்த புண்ணில் போட வேண்டும்.

வாய்க்கு: சீரகம், வெந்தயம், மிளகு மூன்றும் பத்துப் பத்து கிராம், அரை மணி நேரம் ஊறப்போட்டு, மஞ்சள் தூள் 10 கிராம், பூண்டு 4 பல், வெல்லம் 120 கிராம் சேர்த்து அரைத்து, ஒரு தேங்காயைத் துருவிக் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக நாக்கிலும் ஈறிலும் தடவிவிட வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் புதிதாக அரைத்து, மூன்று முதல் ஐந்து நாள். குழாய் வைத்து ஊற்றக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். இந்த வாய் மருந்து ஏன் பிடிக்கும் என்றால், தேங்காயும் வெல்லமும் நாக்கில் பட்டதும் இரண்டு நாளாகத் தின்னாத மாடு சப்ப ஆரம்பிக்கும். தின்ன ஆரம்பித்த மாடு பாதி பிழைத்த மாடு.

கிடைக்காரர்
ராமநாதபுரத்திலிருந்து தஞ்சாவூர்ப் பக்கம் கிடை போட வருகிறவர்கள் நாங்கள். ஆட்டுக் கணக்கு வேறு என்பதைச் சொல்லவே எழுதுகிறேன், இதைப் படிக்கிற ஆட்டுக்காரர்கள் மாட்டு வைத்தியத்தை அப்படியே எடுத்துவிடக் கூடாது.

ஈரக்காட்டில் ஆடு நின்றால் குளம்பு அழுகும். கையில் காலைத் தூக்கி முகர்ந்தாலே தெரியும், அந்த நாற்றம் வேறு எதற்கும் வராது. ஆடு முன்னங்காலை மடித்து மண்டி போட்டு மேயும். நான் ஆறு வருடம் இதற்கு வேப்பெண்ணெயும் ஆடுதீண்டாப்பாளை இலையும் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன், வெளியில் ஆறும், பத்து நாளில் மறுபடி நொண்டும். அப்புறம் ஒரு டாக்டர் வந்து கத்தியை எடுத்துக் காட்டினார். கழன்று தொங்குகிற குளம்பு ஓட்டுக்கு அடியில்தான் அழுகல் ஒளிந்திருக்கிறது, அதற்குக் காற்று பட்டால் சாகும். ஓட்டைச் சீவாமல் மேலே எந்த எண்ணெய் போட்டாலும் மூடி போட்டு வளர்ப்பது போலத்தான். சதையில் ரத்தம் வராத அளவுக்குச் சீவ வேண்டும். சீவிய துணுக்குகளைப் பட்டியில் விடாமல் எரிக்க வேண்டும். வயலுக்குப் போடுகிற துத்தநாக சல்பேட்டை 10 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ கரைத்துத் தொட்டியில் பத்து நிமிடம் நிறுத்துவோம். மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) சிலர் போடுவார்கள், ஆடு அதைக் குடித்துவிட்டால் ஈரல் போய்விடும். கால் கழுவும் முன் வேறு தண்ணீர் காட்டி வயிறு நிரப்பிவிட்டுத்தான் தொட்டிக்கு ஓட்ட வேண்டும். இத்தனையும் முடிந்த பிறகு காய்ந்த புண்ணில் வேப்பெண்ணெய் போட்டால் ஈ உட்காராது, அங்கேதான் அது உதவுகிறது.

இன்னொன்று. முகம் வீங்கி, மூக்கில் சளி ஒழுகி, குளம்புக்கு மேல் சிவப்புக் கோடு போட்டது போல இருந்தால் அது நீலநாக்கு. கடிக்கிற பொடி ஈ பரப்புகிற நோய் அது. கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தால் கிடையே போய்விடும்.

வண்டித்தடம்
உழவு மாட்டுக்காரர்களுக்காக ஒரு வார்த்தை. என் அப்பா லாடம் கட்டியவர். மாட்டைக் கயிற்றில் வீழ்த்திக் காலுக்கு இரண்டு வீதம் எட்டுத் தகடு அடிப்பார். லாடம் அடித்த மறுநாள் மாடு நொண்டினால் மழையா, காணையா, கண்ணேறா என்று யோசிக்கக் கூடாது, ஆணி பச்சைச் சதைக்கு இறங்கியிருக்கும். அப்பா சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு ஆணித் தலையையும் லேசாகத் தட்டிக்கொண்டே வருவார், எந்த ஆணியில் மாடு காலை வெடுக்கென்று இழுக்கிறதோ அதைப் பிடுங்குவார். பிடுங்கிய துளை வழியாகக் கருப்பாகச் சீழ் வரும், அது வடிந்த பிறகுதான் மஞ்சளும் வேப்பெண்ணெயும் சுடவைத்து ஊற்றுவார். சீழ் உள்ளே இருக்கும்போது துளையை அடைத்தால் கால் மேலேறி வீங்கும். சிலர் தார் காய்ச்சி ஊற்றி அடைப்பார்கள், அப்பா அவர்களோடு சண்டையே போட்டிருக்கிறார்.

பால்சொம்பு
நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன், என் தவறு அது. நாமக்கல் பக்கம் நாங்கள். கல்யாண வீட்டில் மீந்த சோற்றை ஒரு அண்டா நிறைய மாட்டுக்கு வைத்தேன். மறுநாள் வயிறு உப்பிக் கழிந்தது, சோடா உப்புக் கரைத்துக் கொடுத்தோம், சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் கழித்து மாடு முட்டை மேல் நடப்பது போல நடந்தது. குளம்பைத் தொட்டால் கொதிக்கிறது, புண் எதுவும் இல்லை. புண்ணே இல்லாத காலுக்குப் பத்து நாள் குப்பைமேனி எண்ணெய் தடவினேன். வயிற்றில் புளித்ததுதான் ரத்தத்தில் ஏறிக் குளம்புக்குள் வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது நாள் கடந்துவிட்டது. அந்தக் குளம்பு இன்றைக்கும் செருப்பு நுனி போல வளைந்துதான் வளர்கிறது, நாலு மாதத்துக்கு ஒருமுறை வெட்டிவிடுகிறோம்.

மண்வாசம்
அக்கா சொன்னதை இரண்டு முறை படித்தேன். கன்றுகளின் கணக்கை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை, உண்மை. அம்மாவிடம் கேட்டேன். கோமாரி வந்த ஒரு வருடம் ஏழு கன்று போனது, தாத்தா அதற்குப் பேய் அடித்தது என்று வேறு பரிகாரம் செய்தார் என்கிறார். ஊசிக்கும் மூலிகைக்கும் சண்டை இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்ணெய்க்கு மரியாதை வேண்டும், அவ்வளவுதான் என் ஆதங்கம்.

வடவாற்றங்கரை
ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

டாக்டர் வந்து பார்த்துக் கோமாரிதான் என்றார். காய்ச்சலுக்கும், வேறு கிருமி தொற்றாமல் இருக்கவும் ஊசி போட்டார். அம்மாவின் எண்ணெயை முகர்ந்து பார்த்துவிட்டு, இதையே தொடருங்கள், மருதாணியும் துளசியும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். வாய்க்குத் தேங்காய் மருந்து. முதல் நாள் தலையைத் திருப்பிக்கொண்டது, இரண்டாம் நாள் மாலை அம்மா கையையே சேர்த்து நக்கியது. மூன்றாம் நாள் பசும்புல் ஒரு பிடி தின்றது.

ஐந்தாம் நாள் இடது பின்னங்கால் இடுக்கில் புழு. மாடு காலைத் தரையில் அறைந்துகொண்டே இருந்தது, குனிந்து பார்த்தால் சதைக்குள் அரிசி போல நெளிகிறது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் பொடித்துப் போட்டு ஊற்றினோம், ஒவ்வொன்றாக வெளியே தலை நீட்ட நீட்ட இடுக்கியால் எடுத்தேன், நாற்பது வரை எண்ணினேன். அன்று ஒரு நாள் மட்டும் கற்பூரம், மறுநாளிலிருந்து பழைய எண்ணெய். இப்போது புண்ணின் ஓரத்திலிருந்து இளஞ்சிவப்பாகத் தோல் மூடிக்கொண்டு வருகிறது. நாலு காலும் ஊன்றுகிறது. காலையில் மூன்று லிட்டர் கறந்தது.

கன்று இல்லை. பிரித்த மூன்றாம் நாள் காலையில் அத்தை பால் புட்டியோடு போனபோது துள்ளி ஓடி வந்திருக்கிறது, பாதி வழியில் முன்னங்கால் மடங்கி விழுந்தது, அவ்வளவுதான். வாயில் ஒரு புண் இல்லை, காலில் ஒரு கீறல் இல்லை. நொண்ட ஆரம்பித்த அந்த இரண்டு நாளும் நானே அவிழ்த்துவிட்டு ஊட்டவிட்டேனே.

ஊசிப்பெட்டி
தம்பி, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். பிரிக்கும் முன்பே தொற்றியிருக்கும். ஊசி போட்ட மற்ற இரண்டும் எப்படி இருக்கின்றன? உம்பளச்சேரி சோடி?

வடவாற்றங்கரை
ஊசி போட்ட இரண்டுக்கும் ஒன்றும் இல்லை ஐயா, பால்கூடக் குறையவில்லை. காளைகளில் ஒன்றுக்கு நாக்கில் சின்னக் கொப்புளம் வந்து நாலு நாளில் அடங்கிவிட்டது.

கீழத்தெருவில் இரண்டு மாடு நொண்டுகிறது என்று சற்று முன் சொன்னார்கள். டாக்டருக்குப் போன் செய்துவிட்டேன். அம்மா இன்னொரு சட்டியை அடுப்பில் வைத்திருக்கிறார். சோடாத் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு கிளம்புகிறேன், கொட்டிலுக்குள் போக மாட்டேன், தெருவில் நின்றபடியே வீட்டில் கன்று இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வருகிறேன்.